ஆத்தா இருக்கிற வீட்டில் ஊசி

என்னை யாரும் ஏமாற்றவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதையை நான் சொன்ன இரண்டொருவரும் பாதியிலேயே உச்சுக்கொட்டி, "ஐயோ பாவம், ஏமாத்திட்டானா?" என்றுதான் கேட்டார்கள். நான் ஏமாந்திருந்தால் அவர்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும் போல. எனக்குப் பிடித்திருந்தது, போனேன். அவ்வளவுதான்.

அறுபதுகள் முடிந்து எழுபதுகள் பிறந்திருந்த நேரம். அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி உள்ளங்கை இரண்டும் காய்த்துப் போயிருக்கும். வீடு திருமுல்லைவாயிலில். வீட்டில் அம்மாவும் நானும்தான். அப்பா நான் சின்னப் பெண்ணாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா நாற்று நட்ட வயல்களில் கம்பெனிகள் வந்த பிறகு, அதே மண்ணில் ஒரு கம்பெனியின் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. "சேத்துல நின்னுகினு கெடந்ததுக்கு இது எவ்வளவோ தேவல" என்பாள்.

எங்கள் கம்பெனிக்குப் புது மெஷின் வந்தது. அதைப் பூட்டி ஓட்டிக் காட்டக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். பூந்தமல்லியில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். பெண்களிடமும் "ஏனுங்க, சொல்லுங்க" என்று மரியாதையாகப் பேசுவான். எங்கள் ஊர் ஆண்கள் பேசுகிற பேச்சைக் கேட்டுப் பழகிய காதுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மேட்னி ஷோ பார்த்தோம். பிறகு அவன் ரூமுக்குப் போனோம். சினிமாவில் காட்டுகிற மாதிரி அன்றைக்கு மழை பெய்யவில்லை, இடி இடிக்கவில்லை, நான் மயங்கி விழவும் இல்லை. சாயங்காலம் கீழே கடையில் டீ குடித்துவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, அம்மா அரைத்து வைத்திருந்த துவையலைப் போட்டுப் பிசைந்து சோறு சாப்பிட்டேன்.

பொங்கலுக்கு மெஷின் வேலை முடிந்து அவன் ஊருக்குப் போய்விட்டான். கல்யாணப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. கொஞ்ச நாள் அவன் ஞாபகம் வரும்போது எனக்குள் நானே சிரித்துக்கொள்வேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அந்தச் சிரிப்பில் மண் விழுந்தது கேன்டீனில். டீ மாஸ்டர் ஆண்கள் உட்காரும் பெஞ்சைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்கள் பக்கத்திலேயே இருக்கிறார்களே என்கிற கவலையெல்லாம் அவருக்கு இல்லை.

"அந்தக் கோயம்புத்தூர்காரன் இருந்தான்ல, மெஷின்காரன்? பூந்தமல்லில நம்ம கம்பவுண்டர்கிட்ட ஊசி போட்டுகினு இருந்துக்கீறான் நைனா. பொம்பள சீக்காம். பாதி ஊசிலயே ஊருக்கு எஸ்கேப்பு."

அந்தப் பக்கம் சிரிப்பு வெடித்தது. டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஊசி போட்டுக்கொண்டேதான் என்னோடு சினிமா பார்த்திருக்கிறான். 'ஏனுங்க, எனக்கு உடம்பு சரியில்லீங்க' என்று ஒரு வார்த்தை அந்த மரியாதைக்கார வாயில் வரவில்லை. அடுத்த கோபம் அந்தப் பேரின் மேல். ஆணுக்கு வந்தால் பொம்பளைச் சீக்கு. எனக்கு வந்தால் அதற்கு என்ன பேர்? ஆம்பளைச் சீக்கு என்று எவனாவது வாய் திறந்து சொல்வானா?

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என் சிநேகிதி. மதுரைப் பக்கத்துக்காரி. அவள் புருஷன் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து ஆவடி ஃபேக்டரியில் வேலை பார்த்தார். அங்கேயே குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். என் முகம் போன போக்கை அவள் கவனிக்கவில்லை. சிரித்துக்கொண்டே தனக்குத் தெரிந்ததை அவிழ்த்துவிட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் சொல்வாரு. பட்டாளத்துல இதுக்குன்னே படம் போட்டுக் காட்டுவாங்களாம்டி. முதல்ல ஒரு புண்ணு வருமாம், வலிக்கவே வலிக்காதாம், தானா ஆறிடுமாம். அப்புறம் உடம்பெல்லாம் செவப்பு செவப்பாப் புள்ளி, உள்ளங்கை உள்ளங்கால்ல கூட. அரிக்காதாம். அதுவும் தானாப் போயிருமாம். அப்பாடா போயிருச்சுன்னு இருந்தா அம்புட்டுத்தேன். உள்ளயே ஒக்காந்துக்கிட்டு வருஷம் கழிச்சு மூளைக்கு ஏறுமாம், பெறக்கிற பிள்ளைக்கும் போகுமாம். பெரிய ஊசி நாலு போட்டாத்தேன் ஒழியுமாம்."

அதிலிருந்து எனக்கு வேறு வேலை இல்லை. காலையில் கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்ப்பேன். என் அம்மாவும் காலையில் உள்ளங்கையைப் பார்த்துத்தான் எழுந்திருப்பாள், சாமியை நினைத்துக்கொண்டு. அவள் எதைப் பார்த்தாளோ, நான் பார்த்தது வேறு. ரயிலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளிச்சத்தில் ஒரு தடவை. கம்பி சுற்றும்போது பத்துத் தடவை. வார்னிஷ் கறை பட்டால்கூடத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன். வலிக்காத புண் என்றாளே, அது வந்து போயிருக்குமோ, நான்தான் பார்க்காமல் விட்டேனோ என்று மண்டை குடையும்.

ரயில்வே ஸ்டேஷன் சுவரில் லாட்ஜ் வைத்தியர்களின் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். 'வாலிபர்களே! கவலை வேண்டாம்!' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை நின்று படிக்கக்கூட எனக்கு வழியில்லை, நான்கு பேர் பார்ப்பார்கள். படித்தாலும் அது எனக்கு இல்லை. கவலைப்படாதே என்று ஒரு சுவர்கூட என்னிடம் சொல்லவில்லை. வாலிபன் ஊர் மேய்ந்துவிட்டு வந்து லாட்ஜ் படி ஏறலாம், வாலிபி எந்தப் படி ஏறுவாள்? கம்பவுண்டரிடம் போனால் அது டீ மாஸ்டருக்குப் போகும். டீ மாஸ்டருக்குப் போனால் ஆவடி முதல் வில்லிவாக்கம் வரை போகும்.

இது போதாதென்று வீட்டில் என் கல்யாணப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சென்னீர்குப்பத்தில் ஒரு குடும்பம். மாப்பிள்ளைக்கு லாரி கம்பெனியில் வேலை. என்னைப் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வைகாசியில் முடித்துவிடலாம் என்று அம்மா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் வேறு கணக்குப் போட்டேன். எனக்கு அது இருந்தால் அந்த ஆளுக்குப் போகும். பிறக்கிற பிள்ளைக்குப் போகும். எனக்கு ஒருத்தன் சொல்லாமல் செய்ததை நான் இன்னொருத்தனுக்குச் செய்ய மாட்டேன், செத்தாலும் மாட்டேன். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால்தானே!

பங்குனியில் வெயில் ஏற ஆரம்பித்ததும் அது வந்தது. நான் குளிக்கும்போது முதுகு தேய்த்துவிட வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். முதுகில், தோளில், வயிற்றில் சின்னச் சின்னப் புள்ளிகள். நான் அவசரமாக உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் இருந்தது, நான் சுற்றுகிற கம்பியின் நிறத்தில். அம்மாவோ கையிலிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டு, எனக்கு எதிரே கைகூப்பி நின்றாள்.

"தாயே, வந்துட்டியா!"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. வெயில் காலம், உடம்பெல்லாம் புள்ளி. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் சொல்வார்கள். அம்மை. ஆத்தா வந்திருக்கிறாள்.

"சின்ன வயசுலயே எனக்கு ஒரு வாட்டி வந்துச்சேமா, மறுபடியும் வராதுன்னு சொல்லுவாங்களே" என்றேன்.

"ஆத்தாளுக்கு கணக்குச் சொல்ல நீ யாருடி? எத்தினி வாட்டி வேணா வருவா. கன்னத்துல போட்டுக்கோ."

கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அரை மணி நேரத்தில் வாசலில் வேப்பிலை தொங்கியது. தரையில் வேப்பிலை பரப்பி என்னை உட்கார வைத்தாள். தலை வாரக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது. கூழும் இளநீரும்தான். மருந்து என்ற பேச்சே கூடாது. ஊசி கூடவே கூடாது. ஆத்தா இருக்கிற உடம்பில் இரும்பு பட்டால் அவள் கோபித்துக்கொள்வாள், கண்ணைப் பறித்துக்கொள்வாள், ஆளையே கொண்டுபோய்விடுவாள். மூன்று தண்ணீர் ஊற்றி அவள் இறங்கிப் போகிற வரை நான் வாசல்படி தாண்டக் கூடாது.

எனக்கு எது கட்டாயம் வேண்டுமோ, அது ஒன்றுதான் இந்த வீட்டில் கூடவே கூடாதது. என் அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்ல!

தெருப் பெண்கள் வந்தார்கள். வாசலில் நின்றபடி மஞ்சள் தண்ணீரை என் காலில் ஊற்றிக் கும்பிட்டார்கள். "எங்க ஊட்டுப் புள்ளிங்கள காப்பாத்து தாயே" என்றாள் எதிர்வீட்டு அக்கா. போன மாதம்தான் நான் மேட்னி ஷோ போனதை எங்கேயோ கேள்விப்பட்டு, "வேலைக்கிப் போற பொண்ணுங்களே இப்டித்தான்" என்று தெருக்குழாயில் பேசியவள். இப்போது என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஒரு ஆளோடு ரூமுக்குப் போனதற்குத் தெருவே வந்து கும்பிட்டது எனக்குத் தெரிந்து என்னைத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த வேப்பிலைப் படுக்கை சுகமாக இருந்தது. ஆத்தாவாகவே இருந்துவிடட்டுமே என்று மனசு கெஞ்சியது. காய்ச்சல் இல்லை, அரிப்பு இல்லை, ஒரு கொப்புளத்திலும் நீர் கோக்கவில்லை. அதெல்லாம் தெரிந்தும் கெஞ்சியது. முதல் தண்ணீர் ஊற்றிய பிறகு புள்ளிகள் லேசாக மங்கின. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆத்தா மனசு எறங்கிட்டா" என்றாள். நானும் ஒரு பொழுது முழுக்க அதை நம்பினேன். மூன்று தண்ணீர் ஊற்றுவார்கள், புள்ளி போய்விடும், வைகாசியில் கல்யாணம். இதைவிட என்ன வேண்டும்?

வேலைக்கு வரவில்லையே என்று சிநேகிதி தேடிக்கொண்டு வந்தாள். அம்மா உள்ளே விடவில்லை. ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். நான் கம்பி வழியாக இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினேன். அவள் பார்த்தாள். கேன்டீனில் தான் சொன்னதெல்லாம் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் வெளிறிவிட்டது.

"அடிப்பாவி, நீயா?" என்றாள் மெதுவாக. பிறகு என்னைத் திட்டுவாள் என்று பார்த்தால், அவள் திட்டியது தன்னைத்தான். "கூறு கெட்டவ நானு, பக்கத்துல வச்சுக்கிட்டுச் சிரிச்சேனே!" குரலை இன்னும் தாழ்த்தினாள். "இந்தா பாரு. பட்டணத்துல சர்க்கார் ஆஸ்பத்திரியில இதுக்குன்னே தனியா ஒரு பக்கம் இருக்கு. கூட்டத்தப் பாத்துப் பயந்துறாத. புள்ளி மங்குதுன்னு படுத்துக் கிடந்த, நானே வந்து தரதரன்னு இழுத்துட்டுப் போவேன், பாத்துக்க."

மறுநாள் அம்மா கூழ் ஊற்றக் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எழுந்தேன். வாசல் வேப்பிலையை ஒதுக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். நிஜமாகவே அவள் இருந்துவிட்டால்? 'இருந்தா இரு, நான் போய்ட்டு வந்துடறேன்' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வாராத தலை, மஞ்சள் பூசிய கால், தலைமுடியில் வேப்பிலை. ரயிலில் கீரைக்கூடைக்காரி என்னைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எழுந்து தள்ளிப் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள். அம்பத்தூர் கூட்டத்தில் என் பெஞ்சு மட்டும் காலியாக வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு வசதியாக நான் அந்த ரயிலில் போனதே கிடையாது.

ஆஸ்பத்திரியில் அந்தப் பக்கம் ஆண்களின் வரிசை நீளமாக இருந்தது. ஒருத்தரும் தலை நிமிரவில்லை. பெண்களின் பெஞ்சில் என்னையும் சேர்த்து விரல் விட்டு எண்ணலாம். சீட்டு வாங்கி வந்த என்னை ஒரு ஆயா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இங்க வர்ற பொம்பளைங்க ரெண்டே ரகந்தான். புருஷங்காரன் குடுத்துட்டு வர்றது ஒண்ணு. தொழிலுக்குப் போய்ட்டு வர்றது ஒண்ணு. நீ எது?"

"மூணாவது" என்றேன்.

அவள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு போனாள். உள்ளே டாக்டர் ஒரு அம்மாள். என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். தலையிலிருந்த வேப்பிலையை எடுத்து மேஜையில் போட்டார்.

"அம்மைன்னு வீட்ல உட்கார வச்சுட்டாங்களா?"

"ஆமாங்க."

"யாரும்மா அந்த ஆளு? கல்யாணம் பண்ணிக்கிறேன்னு ஏமாத்திட்டானா?"

"இல்லீங்க. எனக்கும் புடிச்சுதான் இருந்துச்சு. சீக்கு இருக்குதுன்னு சொல்லாம போய்ட்டான், அதான் எனக்கு ஆத்திரம்."

டாக்டரம்மா அதுவரை என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. ரத்தம் எடுக்கச் சொன்னார். மத்தியானம் வரை உட்கார வைத்து, அதுதான் என்று சொன்னார். "வாரம் ஒரு தடவை வந்து ஊசி போட்டுக்கணும். நடுவுல நிறுத்தினா போச்சு. ரத்தம் தேறுற வரைக்கும் கல்யாணம் கில்யாணம் எதுவும் கூடாது" என்றார். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. இத்தனை நாள் இருக்குமோ இருக்காதோ என்று செத்துக்கொண்டிருந்ததைவிட, இருக்கிறது என்று ஒருவர் சொன்னது எவ்வளவோ மேல்.

ஊசி மருந்து பால் மாதிரி கெட்டியாக இருந்தது. இடுப்பில் இரண்டு பக்கமும் போட்டார்கள். உயிர் போய்த் திரும்பி வந்தது. காலை இழுத்து இழுத்து நடந்து, நின்றபடியே ரயிலில் வந்தேன். உட்காரத்தான் முடியவில்லையே!

வீட்டில் அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். என்னைக் காணோம் என்று தெருவெல்லாம் தேடியிருக்கிறாள். எங்கே போனாய் என்று கேட்பதற்குள் எனக்கு உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. விளக்கு வைக்கிற நேரம். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர், பல் கிட்டிக்கொண்டது. மங்கிக்கொண்டு வந்த புள்ளிகள் எல்லாம் திடீரென்று ரத்தச் சிவப்பாக எழும்பி நின்றன. முதல் ஊசிக்கு அப்படிக் காய்ச்சல் வருவதும், புள்ளிகள் ஒரு நாள் சிவந்து அடங்குவதும் சகஜம்தான் என்று அடுத்த வாரம் டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. அத்தனை வீறாப்பாக வாசல்படி தாண்டிப் போன நான், அந்தக் குளிரில் நம்பிவிட்டேன். ஆத்தா நிஜமாகவே வந்துவிட்டாள். என்னைக் கொண்டுபோகத்தான் வந்திருக்கிறாள்.

அம்மா என்னைப் படுக்க வைக்கும்போது இடுப்பில் ஒட்டியிருந்த பஞ்சு அவள் கையில் பட்டது.

"இன்னாடி இது? ஊசியா? ஆத்தா கீற ஊட்ல, ஆத்தா கீற ஒடம்புல ஊசி போட்டுகினு வந்தியா?"

அவள் வேப்பிலைக் கொத்தை எடுத்து என் தலையிலிருந்து கால் வரை வீசினாள். சாமி படத்தைப் பார்த்து அழுதாள். "தாயே, கோவிச்சுக்காத. கொயந்த தெரியாம பண்ணிட்டா. தெரியாம பண்ணிட்டா தாயே. அவள வுட்டுட்டு என்னை எடுத்துக்கோ."

அந்தக் கடைசி வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. பல் அடித்துக்கொண்டிருக்கும்போதே கத்தினேன்.

"தெரிஞ்சுதாம்மா பண்ணேன்! இது ஆத்தா இல்லமா. ஒரு ஆளுகிட்டேர்ந்து வந்தது. ஊசி போட்டாதான் போவும். போடலன்னா எம் புள்ளைக்கும் வரும். நீ என்னை அடி, கொல்லு, இன்னா வேணா பண்ணு. அடுத்த வாரமும் நான் போவத்தான் போறேன்."

அம்மாவின் கை நின்றது. பிறகு அந்த வேப்பிலைக் கொத்தாலேயே என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். வலிக்கவே இல்லை, வேப்பிலைதானே. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். யார் அவன், எங்கே, எப்போது, மானம் போச்சே, மரியாதை போச்சே. பதில்களை எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவள் அதில் ஒன்றையும் கேட்கவில்லை.

"ஊசி போட்டா பூடுமா?"

"பூடும்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"நடுவுல நிறுத்துனா?"

"போவாது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், கஞ்சி வைத்து எடுத்து வந்தாள். விடிந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது. வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். இத்தனைக்குப் பிறகு அவள் காய்ந்த வேப்பிலையைப் பிய்த்துத் தூரப் போடுவாள் என்று நினைத்தேன். அவளோ காய்ந்ததை எடுத்துவிட்டுப் பச்சை வேப்பிலையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எதுக்குமா அது?"

"நீ கம்முனு உள்ள போ."

எதற்கு என்று எனக்கு இரண்டு நாளில் விளங்கியது. சென்னீர்குப்பத்துக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவும் சித்தியும். எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், முகத்தில் தழும்பு விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார்கள். கையில் பூவும் பழமும் வேறு. அம்மா இரண்டு கையையும் நிலைப்படியில் வைத்துக்கொண்டு வாசலை அடைத்து நின்றாள். நான் உள்ளேயிருந்து அவள் முதுகை மட்டும்தான் பார்த்தேன்.

"ஆத்தா உக்கிரமா கீறா. உள்ள வந்தீங்கன்னா ஒங்க பின்னாடியே ஒங்க ஊட்டுக்கும் வருவா. பரவால்லயா?"

அவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள்.

"அப்போ வைகாசில..." என்று இழுத்தாள் சித்தி.

"இந்த வருசம் எங்கூட்ல நல்லது எதுவும் கெடயாது. ஆத்தாளுக்கு வேண்டிகினுகீறேன். காத்துகினு இருந்தா இருங்க, இல்லன்னா வேற எடம் பாருங்க."

பூவைக்கூடக் கொடுக்காமல் திரும்பிப் போனார்கள். வேறு இடம்தான் பார்த்தார்கள். நல்லா இருக்கட்டும். சில வருஷம் கழித்து நான் வேறு ஒருவரைக் கட்டிக்கொண்டேன், எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான். "ஊசி ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். அதனால்தான் கட்டிக்கொண்டேன்.

அம்மா எப்படிப்பட்டவள் என்று தெரிந்தால்தான் அவள் அன்றைக்குச் செய்தது என்ன என்று புரியும். ஆத்தா பேரைச் சொல்லி விளையாட்டுக்குக்கூடச் சத்தியம் செய்யமாட்டாள். நான் செய்தால் வாயிலேயே போடுவாள். மாங்காட்டுக் கோயில் கோபுரம் தெரிந்தால் ஓடுகிற பஸ்ஸிலேயே எழுந்து நிற்பாள். அவள்தான், இல்லாத ஆத்தாவை இருக்கிறாள் என்று சொல்லி, வாரக்கணக்கில் வாசலில் வேப்பிலையை மாற்றி மாற்றிக் கட்டினாள். "இன்னுமா எறங்கல?" என்று தெருவில் கேட்டால், "எறங்க மாட்டேன்றாளே, நான் இன்னா பண்றது" என்று முகத்தை வைத்துக்கொண்டு சொன்னாள். தெரு ஜனம் தள்ளியே இருந்தது. அந்த மறைவில் நான் வாரம் தவறாமல் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன்.

இரண்டாவது ஊசிக்கு அவளும் என்னோடு வந்தாள். பெண்களின் பெஞ்சில் என் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே ஆயா வந்தாள்.

"இந்த மூணாவது ரகம் ஒம் பொண்ணா?"

அம்மாவுக்கு அது என்ன ரகம் என்று தெரியாது. ஆனால் அந்தக் குரல் என்ன என்று தெரியும்.

"எம் பொண்ணுதான். அதுக்கு இன்னான்ற இப்போ?"

ஆயா நகர்ந்து போனாள். என்னைப் பெற்றதற்காக அவள் தலைகுனிந்து நிற்பாள் என்றுதான் நான் அத்தனை நாளும் பயந்திருந்தேன். அந்த நீளமான வரிசையில் ஒருத்தரும் நிமிராத இடத்தில் என் அம்மா ஒருத்திதான் தலைநிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

ஆடி பிறந்தபோது என் ரத்தம் தேறிவிட்டது, இனிமேல் பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அந்த மாதமே அம்மா என்னைப் பெரியபாளையம் கோயிலுக்கு அழைத்துப் போனாள். அம்மை இறங்கினவர்கள் வேண்டுதல் செலுத்துகிற கோயில் அது. எங்கள் தெருப் பெண்களும் கூட வந்தார்கள். எனக்கு வேப்பஞ்சேலை கட்டி வலம் வரச் சொல்வாள் என்று நினைத்து, முடியாது என்று சண்டை போடத் தயாராகத்தான் போனேன். அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய் நாவிதருக்கு முன்னால் உட்கார்ந்தாள். இடுப்பு வரைக்கும் தொங்கும் முடி அவளுக்கு. அதில் ஒரு நரைகூடக் கிடையாது. வழித்துக் கீழே விழ விழ நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளே வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு, அந்த மொட்டைத் தலையோடு கோயிலைச் சுற்றி வந்தாள். பெண்ணைக் காப்பாற்றிய ஆத்தாவுக்கு நன்றி சொல்கிறாள் என்று தெருப் பெண்கள் குலவையிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "எனக்கு வந்ததுக்கு நீ எதுக்குமா மொட்ட அடிக்கிற? நான் ஒண்ணும் தப்பு பண்ணல. ஒரு பாவமும் பண்ணல. ஒன்னை எவ கேட்டா?"

அவள் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள்.

"ஒனக்கோசரம் இல்லடி. ஆத்தா பேர வச்சி அத்தினி நாள் பொய் சொன்னேன்ல, அதுக்கு."

அவள் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"நாளைக்கே இன்னொரு வாட்டி சொல்லணும்னா, சொல்லுவேன். முடிதானே, மொளைக்காமயா பூடும்?"